சுஹறா ராத்தா மேலே ஏறிய நாள்

சிகிரியா, யாப்பகுவ, பாவாத மலை, குடும்பிமலை என்று எங்கள் கரையோர ஊர்களிலிருந்து பெண்கள் வான் வண்டி பிடித்துப் போகிற மலைகளுக்கெல்லாம் சுஹறா ராத்தா போயிருக்கிறார். ஒன்றின் உச்சியையும் அவர் கண்டதில்லை. எல்லாரும் ஏறி இறங்கும்வரை அடிவாரத்தில் சோறு வேகும் பெரிய கிடாரத்துக்குப் பக்கத்தில் இருப்பார். ஆட்கள் களைத்து இறங்கி வரும்போது சோறு ஆவி பறக்க வேண்டும். அது அவருடைய பொறுப்பு.

எங்கள் ஆட்களுக்கு ஆறின சோறு தொண்டையில் இறங்காது. எந்தக் காட்டுக்குப் போனாலும், ஆறு பேர் வட்டமாக உட்கார்ந்து, சஹன் என்கிற அந்தப் பெரிய தட்டில் சுடச்சுடப் புரியாணி சாப்பிட்டால்தான் போனது பயணம். இல்லாவிட்டால் அது சும்மா பஸ் ஓட்டம். அதனால் அரிசி, இறைச்சி, விறகு, கிடாரம் எல்லாம் வானில் ஏறும். கூடவே சாய்ந்தமருது சுஹறா ராத்தாவும் ஏறுவார். சோறு முக்கால்வாசி வெந்ததும் மூடியைச் சுற்றிக் கோதுமை மாவைப் பிசைந்து ஒட்டி, மேலே சிரட்டைத் தணலைப் பரப்பித் தம் போடுவார். அந்த மாவை எல்லார் முன்னாலும் உடைத்து மூடியைத் தூக்கும்போது எழுகிற வாசத்துக்காகவே கல்முனையிலிருந்து அக்கரைப்பற்று வரை அவரைக் கூப்பிடுகிறார்கள். தணல் கூடினால் அடிபிடிக்கும், குறைந்தால் அரிசி வேகாது. ஆகவே தம் போட்டவர் கிடாரத்தை விட்டு நகர மாட்டார்.

நானும் பள்ளிக்கூட நாட்களில் அவருடைய சோற்றைத் தின்றிருக்கிறேன். அவர் ஏன் எங்களோடு ஏறவில்லை என்று ஒரு நாளும் யோசித்ததில்லை.

பிறகு டோஹா விமான நிலையத்தில் வேலை கிடைத்தது. ஊழியர்களுக்குத் தரும் மலிவு டிக்கெட்டில் ஜோர்ஜியா, ஆர்மீனியா, நேபாளம் என்று அலைந்தேன். கடைசியாகப் பெரு. மலை உச்சியில் பழைய சுவர் எங்கே நின்றாலும் எனக்குப் போக வேண்டும். இந்த வருடத் தொடக்கத்தில் ஊருக்குத் திரும்பி வந்தபோது, இனியாவது இவளுடைய கால் ஓரிடத்தில் நிற்கும் என்று உம்மா நினைத்திருப்பார். ஒரு மாதம்கூட ஆகவில்லை. வட்ஸ்அப்பில் என்னோடு சேர்த்துப் பதினொரு பெண்களாக ‘காலாறாக் குமருகள்’ என்று ஒரு குழு தொடங்கிவிட்டேன். குமர் என்றால் கல்யாணமாகாதவள்; இங்கே பாதிப்பேருக்குக் கல்யாணமாகிப் பிள்ளைகள் இருக்கிறார்கள். இருந்தும் பெயரை மாற்ற ஒருத்தியும் சம்மதிக்கவில்லை. முதல் பயணம் ராஜகல. அம்பாறைக்கு அப்பால், உகனையும் தாண்டி, காட்டு மலைமேல் கிடக்கிற பழைய பௌத்த மடாலயம். இரண்டாயிரம் வருடத்துக் கற்கள். உலகம் முழுக்கச் சுற்றிய எனக்கு வீட்டிலிருந்து இரண்டு மணித்தியாலத்தில் இருக்கிற இடம் தெரியாமல் போயிருந்தது.

சமையலுக்குச் சொல்லிவைக்க சுஹறா ராத்தாவின் வீட்டுக்குப் போனேன். அவருடைய கணவர் கச்சிமுகம்மது நானா முற்றத்தில் பூண்டு உரித்துக்கொண்டிருந்தார். நெல் ஆலையில் வேலை. லீவு நாளில் மனைவிக்கு உதவி. என் போனில் பெரு மலைப் படங்களைக் காட்டினேன். ராத்தா கையைச் சட்டையில் துடைத்துவிட்டு ஒவ்வொன்றாகப் பார்த்தார்.

“இவ்வளவு உசரத்தில ஆரு இருந்த?”

“அரசர்மார், ராத்தா. இப்ப ஒருத்தரும் இல்ல. சுவர் மட்டுந்தான்.”

“சிகிரியாவிலயும் அப்பிடித்தானாம்.”

“ஏன் ‘ஆம்’ போடுறீங்க? நீங்க போனதுதானே?”

“போயிரிக்கன் றுமானா. எத்தினையோ தரம். கீழ.”

நானா பூண்டிலிருந்து தலையைத் தூக்காமலே சொன்னார். “அவவுக்கு இந்த நாட்டு மலை எல்லாத்துட காலும் தெரியும். தலைதான் தெரியா.”

ராத்தா சிரித்தார். “இறங்கி வாறவங்களிட்ட மேல என்ன இரிக்கிண்டு கேட்பன். ஒருத்தி காத்து எண்டுவா. ஒருத்தி குரங்கு எண்டுவா. மத்தவ, ‘ஒண்டுமில்ல ராத்தா, முதல்ல சோத்தப் போடுங்க’ எண்டுவா.”

அதோடு முடிந்திருக்க வேண்டிய பேச்சு. ஆனால் அவர் போனைத் திருப்பித் தரவில்லை. பெரிய படிக்கட்டு ஒன்றின் படத்தைப் பார்த்தபடியே முழங்காலைத் தடவினார். முழங்கால் சவ்வு தேய்ந்துவிட்டதாம். இன்னும் கொஞ்சக் காலத்தில் படியேறுவதையே மறந்துவிட வேண்டும் என்று டொக்டர் சொல்லிவிட்டாராம்.

“இந்த வருஷம் ஒண்டுல ஏறாட்டி, பொறகு நான் மவுத்தாகுமட்டும் கீழதான்” என்றார். சாகும்வரை கீழேதான் என்பதைப் புகாராகச் சொல்லவில்லை. உப்பு முடிந்துவிட்டது என்பதுபோலச் சொன்னார்.

“அப்ப இந்தத் தரம் ஏறுங்க.”

“தம்ம ஆரு பாக்கிற?”

அந்தக் கேள்விக்கு எங்கள் குழு மூன்று நாள் தலையைப் பிய்த்துக்கொண்டது. பேக்கரியில் பாண் வாங்கிக் கட்டிக்கொண்டு போகலாம் என்று எழுதினேன். விஞ்ஞானம் படிப்பிக்கிற றுஸ்னா உடனே குரல் பதிவு அனுப்பினாள். “மலைக்கிப் போய் பாண் திண்டிட்டு வந்தா, ஊட்டாளுங்க கேட்டா என்ன சொல்ற? மரியாதையாக் கிடாரத்தக் கொண்டு வாங்க.” ஆளுக்காள் கைதட்டுகிற படத்தைப் போட்டார்கள். கடைசியில் கல்முனை ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருக்கும் அன்ரனிற்றாதான் வழி சொன்னாள். எங்கள் வான் சாரதி நேசராசா எப்படியும் அடிவாரத்தில்தானே நிற்பார்?

நேசராசா வினாயகபுரத்துக்காரர், மெதடிஸ்த கோயிலில் நத்தார் என்கிற கிறிஸ்மஸுக்கு விருந்து வைக்கிற குழுவில் ஒருவர். சுஹறா ராத்தா அவருக்கு நேர்முகத் தேர்வு வைத்தார்.

“தம் போட்டிரிக்கீங்களா தம்பி?”

“நத்தாருக்கு முந்நூறு பேருக்குச் சமைக்கக்குள்ள நான் நிண்டிரிக்கன் ராத்தா.”

“நிண்டு என்ன செய்த?”

நேசராசா கொஞ்சம் யோசித்தார். “நிண்டன்.”

வேறு ஆள் இல்லாததால் அவரே தெரிவானார்.

ராத்தாவைப் பற்றி இங்கே கொஞ்சம் சொல்ல வேண்டும். அவர் பெரிய சமையல்காரர் வீட்டில் பிறந்தவரல்ல. எங்கள் பக்கம் பெருஞ்சமையல் ஆண்களுடைய வேலை. சுனாமியில் கடல் வந்த வருடம் அவருடைய கரைவீடு போய்விட்டது. முகாமாக்கிய பாடசாலைக் கட்டடம் ஒன்றில் நூற்றுக்கணக்கானவர்களோடு தங்கியிருந்தார். அங்கே சமைக்க வந்த ஆண்கள் ஒரு நாள் ஏதோ சண்டையில் கரண்டியைப் போட்டுவிட்டுப் போனார்களாம். பிள்ளைகள் பசியில் அழ, ராத்தா கிடாரத்துக்குப் பக்கத்தில் போய் நின்றார். அதுவரை நாலு பேருக்குமேல் உலை வைத்தறியாத பெண். “பயத்தில தண்ணியக் கூட ஊத்திட்டன். கஞ்சியாப் போச்சி. ஆனா அடி புடிக்கல்ல” என்பார். பிறகு அங்கிருந்த ஆசிரியைகள் பாடசாலைச் சுற்றுலாவுக்குக் கூப்பிட்டார்கள். அப்படியே தொழிலாகிவிட்டது. மகனைப் படிப்பித்தார், வீட்டைக் கட்டி முடித்தார். அந்த ‘அடி புடிக்கல்ல’ மட்டும் மாறவே இல்லை. வேறு சமையல்காரர் யாரையாவது பற்றிக் கதை வந்தால், “நல்லாச் சமைப்பாரு. ரெண்டொரு தரம் அடி புடிச்சிருக்கி” என்று அவர் சொல்வது தீர்ப்பு மாதிரி இருக்கும்.

விடியப்புறம் சுபஹ் தொழுதுவிட்டுப் புறப்பட்டோம். வானுக்குள் அச்சாறு வாசமும் கச்சான் கடலைக் கோதும் பாட்டும். சம்மாந்துறை வயல்களில் கதிர் சாய்ந்து கிடந்தது. றுஸ்னா எல்லாருக்கும் வாந்திக் குளிசை கொடுத்துவிட்டுத் தானே முதலில் வாந்தி எடுத்தாள். சுஹறா ராத்தா முன் இருக்கையில், அபாயாவுக்குக் கீழே கச்சிமுகம்மது நானாவின் கன்வஸ் சப்பாத்துப் போட்டுக்கொண்டு, நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார். சப்பாத்து ஒரு அளவு பெரிது. முன்னால் பஞ்சு அடைத்திருந்தார். நேசராசா அதைப் பார்த்துவிட்டு, “ராத்தா, பந்தடிக்கப் போறீங்களா?” என்றார். “நீங்க ரோட்டப் பாருங்க. பொறகு தணலப் பாருங்க. என்னப் பாக்காதீங்க” என்று பதில் வந்தது.

காட்டுக்குள் நெருப்புக் கொண்டுபோகக் கூடாது. வாசலுக்கு வெகு முன்னால், வாய்க்கால் ஓரத்தில் சின்ன ரொட்டிக் கடை வைத்திருந்த ஒரு சிங்கள ஐயாவிடம் கேட்டு, அவருடைய முற்றத்து மாமரத்தடியில் அடுப்பு மூட்டினோம். ராத்தாவின் கைகள் அன்று வழக்கத்தைவிட வேகமாக ஓடின. வெங்காயம் பொரிந்து, இறைச்சி இறங்கி, அரிசி விழுந்தது. மூடியில் மாவை ஒட்டித் தணலைப் பரப்பிவிட்டு நேசராசாவை அழைத்தார்.

“இஞ்ச பாருங்க தம்பி. தணல் இப்பிடிச் சாம்பல் பூத்துக் கிடக்கணும். செவந்தா பாதியத் தள்ளிப் போடுங்க. நாங்க வந்துதான் மூடி திறக்கிற. ஜனாதிபதி வந்து கேட்டாலும் திறக்கப்படா.”

“அவர் எனக்குத் தெரியாதவர் ராத்தா, திறக்க மாட்டன்.”

ராத்தா ‘பிஸ்மில்லாஹ்’ என்று வலது காலை எடுத்து வைத்தார். நாங்கள் கைதட்டினோம். ரொட்டிக்கடை ஐயாவும் என்ன ஏது என்று தெரியாமலே கைதட்டினார்.

பாதை மரங்களுக்கு நடுவே மெல்ல உயர்ந்தது. வேர்கள், சறுக்குகிற சருகுகள், பிறகு திடீரென்று யாரோ என்றோ செதுக்கி வைத்த கல் படிகள். ஒரு திருப்பத்தில் யானை லத்தி. புதியதா பழையதா என்று விவாதித்ததில் கொஞ்ச நேரம் எல்லாரும் வேகமாக நடந்தார்கள். எத்தனை நாட்டில் ஏறியிருந்தாலும், மரங்களுக்கிடையே முதல் பழங்கல் கண்ணில் படுகிற அந்தக் கணம் எனக்கு எப்போதும் புதுசு. ராத்தா ஒவ்வொரு படியிலும் வலது காலை முதலில் வைத்து, இடது காலைப் பக்கத்தில் சேர்த்து, மூச்சு விட்டு ஏறினார். அன்ரனிற்றா அவருடைய முழங்காலில் பட்டி சுற்றியிருந்தாள். 

“வலிக்குதா ராத்தா?”

“வலிக்கித்தான். கீழ இருந்தாலும் வலிக்கிறதானே. இது மேல போற வலி.”

ஆனால் அவருடைய மனம் பாதி கீழேயே இருந்தது. ஒவ்வொரு திருப்பத்திலும் போனை எடுப்பார். “தம்பி, எப்பிடி?” “நல்லாரிக்கி ராத்தா.” “சாம்பல் பூத்தா?” “பூத்துக் கிடக்கு.” அடுத்த திருப்பத்திலும் அதே கேள்வி. றுஸ்னா தாங்க முடியாமல், “பிரசவ வார்ட்டில புள்ளய விட்டிட்டு வந்த மாதிரி” என்றாள்.

பாதி வழியில் ஒரு பெரிய பாறை. அதில் ஏறி நின்றால் காட்டுக்கு மேலால் காற்று மோதும். நாங்கள் தண்ணீர் குடித்துக்கொண்டிருக்கும்போது முதல் தடவையாகக் கீழிருந்து அழைப்பு வந்தது. ராத்தா போனைச் சத்தமாக வைத்தார்.

“ராத்தா, மணக்குது.”

“என்ன மணம்? நெய் மணமா?”

“எனக்கெப்பிடித் தெரியும்? ஒரு மணம். இஞ்ச சரியான காத்து. தணல் செவசெவண்டு வந்திட்டு.”

“பாதியத் தள்ளுங்க! கல்ல அண்டக் குடுத்துக் காத்த மறையுங்க. மூடியத் தொட்டிராதீங்க, விளங்கிச்சா? மூடிய மட்டும்…”

சத்தம் அறுந்தது. மறுபடி எடுத்தார். மணி போகவில்லை. என் போனிலும் இல்லை, ஒருவருடையதிலும் இல்லை.

ராத்தா எழுந்து நின்றார். கீழே போகிற பாதையைப் பார்த்தார். ஒரு கால் ஏற்கனவே ஒரு படி இறங்கியிருந்தது.

“நான் ஓடிப் போறன்” என்றேன். “நீங்க ஏறுங்க.”

“நீங்க போய் என்ன செய்யப் போறீங்க மகள்? உங்கட உம்மா சொல்லியிரிக்கா, நீங்க முட்டை அவிச்சா கல்லாப் போகுமாம்.”

யாருக்கும் சிரிக்க வரவில்லை. அன்ரனிற்றா மெல்லச் சொன்னாள். “ராத்தா, நாம இறங்கிப் போய்ச் சேரக்குள்ள ஆகிறது ஆகி முடிஞ்சிரும்.”

“தெரியும்.”

“இறங்கினா இண்டைக்குத் திரும்ப ஏற ஏலா. இந்தக் கால் தாங்காது.”

“அதுவும் தெரியும் கிளி.” அவர் அந்தப் படியிலேயே உட்கார்ந்தார். “என்ட சோறு ஒருநாளும் அடி புடிச்சதில்ல. கேம்புல கூட. சுஹறாட சோத்த நம்பிப் போகலாமெண்டுதானே எல்லாரும் மேல போற. நான் கீழ இரிக்கனெண்டுதானே.”

நான் வாயைத் திறந்தால் வற்புறுத்துவதாகிவிடும் என்று பயந்தேன். அவரை மலையேற்ற ஆசைப்பட்டது நான், இழப்பது அவர். றுஸ்னாதான், அந்தக் கிடாரத்துக்காக அவ்வளவு சண்டை போட்டவள், அவருக்கு முன்னால் போய்க் குந்தினாள்.

“ராத்தா, எங்களுக்குச் சூடாச் சோறு வேணுமெண்டு கேட்டது நான்தான். கருகினாலும் திம்பன். ஒரு பருக்கை மிச்சம் வைக்காமத் திம்பன். வல்லாஹி, சத்தியமா.”

“கருகின சோறு கசக்கும் புள்ள.”

“அச்சாறு இரிக்கிதானே.”

ராத்தா முழங்காலைப் பிடித்துக்கொண்டு எழுந்தார். பிறகு, முன்பின் சொல்லியறியாத ஒரு சொல்லைச் சொல்லிப் பார்ப்பதுபோல, “அடி புடிச்சா… புடிக்கட்டும்” என்றார். மறுபடியும், கொஞ்சம் சத்தமாக, “புடிக்கட்டும்!” என்றார். போனை நிறுத்தி என் கையில் தந்தார். “இத உங்கட பைக்குள்ள போடுங்க. நான் கேட்டாலும் தராதீங்க.”

அதன் பிறகு அவரைப் பிடிக்க முடியவில்லை. வேகம் என்று சொல்ல முடியாது, அதே வலது கால், இடது கால். ஆனால் நிற்கவில்லை. நாங்கள் படம் எடுக்க நின்ற இடங்களில் எல்லாம் அவர் எங்களைத் தாண்டிப் போனார். “வாங்க வாங்க, குமருகளா, நீங்கெல்லாம் கிழவிகளா?” என்று மேலேயிருந்து குரல் வந்தது. கடைசி ஏற்றத்தில் மரங்கள் விலகின. வெளிச்சம் கொட்டியது. முதலில் போய் நின்றவர் அவர்தான்.

“யா அல்லாஹ்!” என்றார். “இது ஒரு ஊரு!”

ஊர்தான். கற்தூண்கள் வரிசையாக நின்றன. சில சாய்ந்தும் சில காட்டுக்கொடியில் கட்டுண்டும். கட்டடங்களின் அடித்தளங்கள், படிக்கட்டுகள், குளங்கள், பாறைக் குகைகள், பழைய பிராமி எழுத்து வெட்டிய கல்முகங்கள். இடிந்த தூபியின் மேல் மரம் முளைத்திருந்தது. எனக்குக் கத்த வேண்டும்போல் இருந்தது, கத்தினேன், ஒரு குரங்குக் கூட்டம் பதிலுக்குக் கத்தியது. காவலுக்கு நின்ற பொடியன்மார், சிலைக்கு முதுகு காட்டிப் படம் எடுக்க வேண்டாம் என்று மட்டும் சொல்லிவிட்டு விட்டுவிட்டார்கள்.

முடிக்கப்படாத புத்தர் சிலை ஒன்று கல்லோடு கல்லாக அங்கே கிடக்கிறது. உருவம் தெரிகிறது; மீதி வேலை நடக்கவே இல்லை. ஏன் பாதியில் விட்டார்கள் என்று நாங்கள் ஆளுக்கொரு காரணம் சொன்னோம். போர், பஞ்சம், காய்ச்சல். ராத்தா கொஞ்சம் தள்ளி மரியாதையாக நின்று பார்த்துவிட்டு, “சாப்பிடக் கூப்பிட்டிருப்பாங்க” என்றார்.

அங்கிருந்து சற்றுத் தூரத்தில்தான் அந்தக் கல்பாத்திரம். ஒரே கல்லில் குடைந்த, எங்கள் கிடாரங்கள் பலவற்றை உள்ளே வைக்கக்கூடிய பாத்திரம், உடைந்துபோய்க் கிடந்தது. துறவிகளுக்கு உணவு பகிர வைத்திருந்ததாம் என்று நான் வர முன்பே போனில் வாசித்ததைச் சொன்னேன். சுஹறா ராத்தா அதைச் சுற்றி வந்தார். தொடலாமா என்று காவலரிடம் சைகையால் கேட்டு, அவர் தலையாட்டியதும் விளிம்பில் உள்ளங்கையை வைத்தார்.

“றுமானா, இவ்வளவு பேருக்கும் ஆரு சமைச்ச?”

“தெரியாது ராத்தா. பேர் எழுதல்ல.”

“இத ஆரு கழுவின?” அவர் கண்கள் விரிந்தன. “புள்ள, உள்ளுக்க இறங்கித்தான் கழுவியிருக்கணும்! அவனுட இடுப்பு என்ன பாடு பட்டிருக்கும்!”

சொல்லிவிட்டு அவர் சிரித்த சிரிப்பில் கல்லில் உட்கார்ந்திருந்த றுஸ்னா சரிந்து விழுந்தாள். பிறகு ராத்தா ஒரு படம் எடுக்கச் சொன்னார். கிடாரத்தோடு எத்தனையோ படத்தில் ஓரமாக இருந்திருக்கிறாராம். ஒரு படத்திலும் நடுவில் நின்றதில்லை. உடைந்த பாத்திரத்துக்கு முன்னால், அபாயாவைச் சரிசெய்து, பெரிய சப்பாத்துகள் தெரிய, கையைக் கட்டிக்கொண்டு நின்றார். அந்தப் படத்தில் அவர் அந்த மடாலயத்துக்கே பொறுப்பானவர் மாதிரி இருக்கிறார்.

பாறையின் விளிம்புக்குப் போனோம். கீழே காடு, குளங்கள் வெள்ளித் தட்டுகளாக, வயல்கள் மஞ்சளாக, அதற்கப்பால் கிழக்கே ஒரு மங்கல் கோடு. கடல் என்று சிலர் சொன்னோம், மேகம் என்று சிலர். ராத்தா கடலைத் தேடவில்லை. நேர் கீழே, மரங்களுக்கிடையில் எதையோ தேடினார். கண்டுபிடித்துவிட்டார். நூல் மாதிரி ஒரு சாம்பல் புகை.

“அதுதானே எங்கட அடுப்பு?”

“ஓம் ராத்தா, அந்தப் பக்கந்தான்.”

“இவ்வளவுதானா?” என்றார். கையை நீட்டிப் பெருவிரலால் அந்தப் புகையை மறைத்தார். விரலை எடுத்தார். மறுபடி மறைத்தார். “இவ்வளவுக்குள்ளதான் இரிந்திரிக்கன்.”

நான் அவருடைய முகத்தைப் பார்த்தேன். கவலை இல்லை. சின்னப் பிள்ளைகள் முதன்முதலாக விமானத்தில் ஜன்னல் பக்கம் உட்காரும்போது வருகிற முகம். டோஹாவில் நான் நிறையப் பார்த்திருக்கிறேன். காற்று அவருடைய முக்காட்டை இழுத்தது. நாங்கள் கூப்பிடும்வரை அவர் வரவில்லை. கூப்பிட்ட பிறகும் வரவில்லை.

இறக்கம் ஏற்றத்தைவிட முழங்காலுக்குப் பகை. அன்ரனிற்றா ஒரு பக்கமும் நான் ஒரு பக்கமும் பிடித்து இறக்கினோம். வாய்க்கால் ஓரத்துக்கு வந்து சேர்ந்தபோது நேசராசா மாமரத்தடியில், பரீட்சையில் தவறிய பையனைப் போல எழுந்து நின்றார். பக்கத்தில் ரொட்டிக்கடை ஐயாவும் அதே முகத்தோடு.

“ராத்தா, நான் மூடியத் திறந்திட்டன்.”

அவர் ராத்தாவின் முகத்தைப் பார்க்காமலே தொடர்ந்தார்.

“கருகல் மணம் வந்திச்சி. போன் எடுத்தா வேலை செய்யல்ல. பயத்தில திறந்து பார்த்து, பொறகு மூடினன். மா உடைஞ்சி போச்சி. ஐயாதான் தன்ட ரொட்டி மாவத் தந்தார். அத வெச்சி ஒட்டினன்.”

அப்போதுதான் மூடியைப் பார்த்தோம். கிடாரத்தின் கழுத்தைச் சுற்றித் தேங்காய்ப்பூ போட்ட ரொட்டி மா, தணல் சூட்டில் பொன்னிறமாக வெந்து, பச்சை மிளகாய்த் துண்டுகளோடு ஒரு மாலை மாதிரி இருந்தது. றுஸ்னா ஒரு துண்டை உடைத்து வாயில் போட்டாள். “ராத்தா! இது சோத்தவிட நல்லாரிக்கி!” அடுத்த நிமிடம் மூடியைச் சுற்றிப் பதினொரு கைகள். தம் போட்ட மாவைத் தின்ற கூட்டம் இந்த நாட்டிலேயே நாங்கள்தான் இருப்போம்.

சோறு? மேலே பொலபொலவென்று, நடுவில் குழைந்து, அடியில் கறுப்பாக ஒரு கனத்த தட்டு. ராத்தா கரண்டியால் அதைச் சுரண்டி மூக்குக்குக் கிட்டக் கொண்டுவந்தார். நேசராசா கண்ணை மூடிக்கொண்டார்.

“புடிச்சிட்டு” என்றார் ராத்தா. கொஞ்சம் நிறுத்தி, “நல்லாவே புடிச்சிட்டு.” பிறகு நேசராசாவைப் பார்த்து, “தம்பி, நீங்களும் ஐயாவும் கையக் கழுவிட்டு வாங்க. சாப்பிடுவம்.”

வழக்கமாக அவர் பரிமாறிவிட்டுக் கடைசியில் தனியாகச் சாப்பிடுவார். அன்று கரண்டியை அன்ரனிற்றாவிடம் கொடுத்துவிட்டு, சப்பாத்தைக் கழற்றிக் காலை நீட்டி, ஐந்து பேர் இருந்த சஹனில் ஆறாவது ஆளாக உட்கார்ந்தார். றுஸ்னா வாக்கு மாறவில்லை. கருகலை அச்சாறு தொட்டுத் தின்றாள், கண்ணில் தண்ணீர் வரத் தின்றாள். ராத்தா தின்றதைவிடக் கதைத்ததுதான் அதிகம். மேலே குளம் இருக்கிறது, தூண் இருக்கிறது, இத்தனை பெரிய பாத்திரம் இருக்கிறது என்று நேசராசாவுக்கும், பாதி சிங்களத்தில் ஐயாவுக்கும் சொல்லிக்கொண்டே இருந்தார். அந்த ஐயா பிறந்ததிலிருந்து அந்த மலைக்குக் கீழே இருப்பவர். இருந்தாலும் வாயைத் திறந்தபடி கேட்டார்.

திரும்பும் வழியில், அம்பாறை தாண்டிய பிறகு, ராத்தா போனைக் கேட்டார். போட்டதும் அது அடிக்கத் தொடங்கியது. நிந்தவூர் ஆசிரியைகள் கூட்டம். வருடாவருடம் அவரைக் கூட்டிக்கொண்டு போகிறவர்கள். வானுக்குள் பாட்டு நின்றது.

“வஅலைக்கும் ஸலாம் டீச்சர்… ஓம், சிகிரியாவா? வாறன், ஏன் வரமாட்டன்? ஒரு விசயம் டீச்சர். தம் இல்ல. சுபஹுக்கு முந்தி ஊட்டுல சமைச்சி வாழையிலையில பார்சல் கட்டிக் கொண்டு வாறன்… ஓம், ஆறித்தான் இரிக்கும்… இல்ல டீச்சர், எனக்கு ஒரு சுகயீனமும் இல்ல. நானும் ஏறப்போறன்.”

மற்றவர்களைக் கேட்க வேண்டும் என்று டீச்சர் சொன்னது எங்களுக்கும் கேட்டது. தம் சோறுதான் அவருடைய பிழைப்பு. அந்தக் கூட்டம் விலகினால் மற்றக் கூட்டங்களும் விலகலாம். ராத்தாவின் விரல்கள் கதவுப் பிடியை இறுக்கிப் பிடித்திருந்தன; ஆனால் அவர் ஒரு சொல்லையும் திருப்பி எடுக்கவில்லை.

“கேட்டுச் சொல்லுங்க” என்றார் கடைசியில். “சூடா வேணுமெண்டா வேற ஆள் தேடித் தாறன். நல்லாச் சமைக்கிற ஆள்தான்.” ‘ரெண்டொரு தரம் அடி புடிச்சிருக்கி’ என்கிற வழக்கமான அந்த இரண்டாவது வசனத்தை இந்த முறை அவர் சொல்லவில்லை. போனை மடியில் வைத்துவிட்டு என் பக்கம் திரும்பினார்.

“றுமானா, சிகிரியாவில எத்தின படி?”

நான் வாயைத் திறந்தேன். உடனே கையை நீட்டித் தடுத்தார்.

“வேணா, சொல்லாதீங்க. நான் எண்ணுறன்.”